கேட்டதும் சொன்னதும்: புதிதாக வரும் இசைத்தொகுப்புகள் பற்றி

உள்ளூர்க் கலைஞர்களின் புதிய இசைத்தொகுப்புகள் வந்த சுவடே தெரியாமல் போய்விடுகின்றன என்று சென்ற இதழில் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இசை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கடைத்தெருவில் முன்பு ஓர் ஒலிநாடாக் கடை இருந்தது. புதிய ஆல்பம் வந்தால் கடைக்காரரே கூப்பிட்டுச் சொல்வார். அந்தக் கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. இப்போது ஒரு தொகுப்பு வெளிவந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவருகிறது. செம்பனை ஆலையில் மாறுநேர வேலை என்பதால் எந்நேரமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. புதிய வெளியீடுகளை எப்படித் தெரிந்துகொள்வது?
— ஆலைத் தொழிலாளர், சுங்கை சிப்புட்

பதில்: அந்தக் கடைக்காரர் உங்களுக்கு மூன்று உதவிகள் செய்தார். என்ன வருகிறது என்பதை அறிந்துவைத்திருந்தார். உங்களுக்கு எது பிடிக்கும் என்பதையும் அறிந்துவைத்திருந்தார். வாங்குவதற்கு முன் ஒரு பாட்டைப் போட்டும் காட்டினார். இன்று மூன்றும் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. நாம்தான் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவதைச் சொல்கிறேன். உலகெங்கும் புதிய இசைத்தொகுப்புகள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாவது 2015 ஜூலை 10ஆம் நாள் முதல் பொது வழக்கமாகியிருக்கிறது. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கு நாடு வெவ்வேறு நாளில் வெளியிட்டுவந்தார்கள். ஓரிடத்தில் வெளியான பாட்டு மற்றோரிடத்தில் வெளியாவதற்குள் திருட்டுப் பிரதியாகப் பரவியதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். எனவே நாள்தோறும் தேட வேண்டியதில்லை. வெள்ளியன்றோ, வேலை முடிந்து வரும் சனியன்றோ ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். தமிழ்த் திரைப்பாடல்கள் இந்த ஒழுங்குக்கு உட்படுவதில்லை. அவை படம் வருவதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே ஒவ்வொரு பாட்டாக, எந்த நாளிலும் வெளியாகின்றன. முழுத் தொகுப்பும் படத்தை ஒட்டித்தான் வரும் என்பதால், ஒற்றைப் பாட்டை வைத்துத் தொகுப்பையே எடைபோட்டுவிடாமல் பொறுத்திருப்பது நல்லது.

உங்களுக்குப் பிடித்த கலைஞர்களின் பக்கங்களில் பின்தொடரும் பொத்தானை அழுத்திவையுங்கள். இணையத்தில் பாட்டுக் கேட்க உதவும் ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள், நீங்கள் பின்தொடர்பவர்களின் புதிய பாடல்களை வெள்ளிதோறும் ஒரு பட்டியலாகத் தொகுத்துத் தருகின்றன. இலவசக் கணக்குக்கும் அந்தப் பட்டியல் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே கேட்டதைப் போன்றதையே இயந்திரம் மேலும் மேலும் எடுத்துவைக்கும். நீங்கள் கேட்டிராத ஒன்றை, உங்களுக்குப் பிடிக்கக்கூடும் என்று ஊகித்துக் கையில் கொடுக்கும் துணிவு அந்தக் கடைக்காரருக்கு இருந்தது. அந்த வேலையை இன்று ஓரளவுக்குச் செய்வது வானொலிதான். மின்னல் எஃப்எம், ராகா ஆகிய இரண்டும் நம் நாட்டுக் கலைஞர்களின் பாடல்களை ஒலிபரப்புகின்றன. வண்டியிலோ சமையலறையிலோ ஒரு பாட்டு காதைப் பிடித்து இழுத்தால், அறிவிப்பாளர் சொல்லும் பெயரை அப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரிதும் நம்புகிற வழி வேறொன்று. ஒரு தொகுப்பு பிடித்திருந்தால் பாடியவரின் பெயரோடு நின்றுவிடாமல், வரிகளை எழுதியவர் யார், பாஸ் கிட்டார் வாசித்தவர் யார், ஒலிக்கலவை செய்தவர் யார் என்று பாருங்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பல சேவைகளில் இந்தப் பெயர்கள் கிடைக்கும். வலையொளியில் (யூடியூப்) காணொளிக்குக் கீழுள்ள குறிப்பில் இருக்கும். அந்தப் பெயரை மறுபடி தேடினால், அவர் பணியாற்றிய இன்னொரு தொகுப்பு கிடைக்கும். மலேசியத் தமிழிசை உலகம் சிறியது. ஈப்போவில் ஒருவருக்கு வாசிப்பவர் கிள்ளானில் இன்னொருவருக்கும் வாசித்திருப்பார். பாடகர்களின் பெயரால் தேடிக் கிடைக்காத தொகுப்புகள், இப்படி வாசிப்பாளர்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைத்துவிடும்.

கேள்வி: ஒரு முறை கேட்டதுமே பிடித்ததா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. "நாலைந்து முறை கேட்காமல் கருத்துச் சொல்லாதீர்கள், அம்மா" என்கிறாள் என் மகள். யார் சொல்வது சரி?
— தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாப்பா

பதில்: மகள் சொல்வதில் நியாயம் அதிகம். ஆனால் நீங்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஒரு பொருளை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதாலேயே மனிதருக்கு அதன்மேல் விருப்பம் வளர்கிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968ஆம் ஆண்டு சோதனைகளின் வாயிலாகக் காட்டினார். பொருளற்ற சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களின் படங்களையும் காட்டியபோது, அதிக முறை பார்த்தவற்றையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். பாட்டுக்கும் இது பொருந்தும். நாள்தோறும் பத்து முறை ஒலிக்கும் பாட்டு நமக்குப் பிடித்துப்போவதற்கு அதன் தரம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் முறை கேட்டபோது எழுந்த எண்ணத்தை, அது பழக்கத்தில் கரைந்துபோவதற்குள் ஒரு தாளில் குறித்துவையுங்கள். அதையே முடிவாகக் கொண்டுவிடாதீர்கள், தூக்கியும் எறிந்துவிடாதீர்கள்.

முதல் முறை, தொகுப்பைப் பாடல்களின் வரிசை மாறாமல், இடையில் எழாமல் கேளுங்கள். கலைஞர் அந்த வரிசையைக் காரணத்தோடுதான் வைத்திருப்பார். வேகமான இரண்டு பாட்டுக்குப் பின் வரும் மெதுவான பாட்டு, தனியாகக் கேட்கும்போது சோர்வாகத் தோன்றலாம். இருக்க வேண்டிய இடத்தில் கேட்டால் மூச்சு வாங்கிக்கொள்வது போல் இருக்கும். இரண்டாம் முறையை மறுநாளுக்கு வையுங்கள். அப்போது பாடல் வரிகளைக் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை கட்டாயமாகக் காதில் மாட்டும் ஒலிக்கருவியிலோ நல்ல ஒலிபெருக்கியிலோ கேளுங்கள்.

மூன்றாவதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கைப்பேசியில் இருக்கும் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளை எழுப்ப இயலாது. பாஸ் கிட்டாரின் அடித்தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது. கைப்பேசியில் அந்த அடியொலி கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் உறுமிமேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். உறுமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் தட்டுகிறார்கள். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமலை எழுப்புகிறார்கள். கைப்பேசியில் கேட்டால் தட்டும் ஒலி வந்துவிடும். தேய்க்கும் உறுமல் வராது. அப்படிக் கேட்டுவிட்டு "தாளம் வறட்சியாக இருக்கிறது" என்று எழுதினால், குறை தொகுப்பில் இல்லை. கேட்ட கருவியில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாடல்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று காது எளிதில் ஏமாந்துவிடும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரு புதிய ஆல்பத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். வலையொளியிலும் கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதும் கேலி செய்தார்கள். என் ரசனையில் ஏதும் கோளாறா?
— படிவம் 5 மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: கோளாறு ஒன்றும் இல்லை, மகளே. கூட்டத்தைப் பார்த்து மனிதர்கள் எப்படிப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் கண்டறிய, மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வு நடத்தி 2006ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அதில் 14,341 பேர் கலந்துகொண்டார்கள். அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டு, வேண்டியதைப் பதிவிறக்கிக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்லப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரிந்தன. மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் முன்னுக்கு வந்த பாட்டு மேலும் மேலும் முன்னுக்குப் போனது. அதைவிட வியப்பு, எட்டு உலகங்களிலும் ஒரே பாட்டு முதலிடம் பெறவில்லை. மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்பதும், மிக மோசமானவை வெல்வதும் அரிதாக இருந்தன. இடைப்பட்ட பாடல்களுக்கோ எதுவும் நேரலாம் என்ற நிலை.

ஆகவே பார்த்தவர்களின் எண்ணிக்கை, அந்தப் பாட்டு பலரை எட்டியிருக்கிறது என்பதை மட்டுமே உனக்குச் சொல்லும். நீ அதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆனால் உனக்கும் ஒரு கடமை உண்டு. "எனக்குப் பிடிக்கவில்லை" என்று நிறுத்திக்கொண்டால் தோழிகள் கேலிதான் செய்வார்கள். "பல்லவியில் நல்ல மெட்டு இருக்கிறது, ஆனால் ஆறு பாட்டிலும் அதே தாளக்கட்டு வருவதால் எனக்கு மூன்றாவதிலேயே அலுத்துவிட்டது" என்று சொல்லிப் பார். அதை மறுக்க வேண்டுமானால் அவர்களும் அந்த ஆறு பாட்டையும் திரும்பக் கேட்டாக வேண்டும். பிறகு உன் கருத்தை அவர்கள் ஏற்றாலும் சரி, ஏற்காவிட்டாலும் சரி, பேச்சு பாட்டைப் பற்றியதாக மாறிவிடும்.

கேள்வி: எங்கள் தாமானில் வளர்ந்த ஒரு தம்பி, நண்பர்களோடு சேர்ந்து ஆறு பாடல்கள் கொண்ட ஆல்பம் வெளியிட்டிருக்கிறான். வீட்டு அறையிலேயே பதிவுசெய்தது. "அண்ணே, கேட்டுட்டு உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்கிறான். நான்கு பாட்டு நன்றாக இருக்கிறது, இரண்டு சரியில்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எல்லாரும் "சூப்பர்", "வேற லெவல்" என்று போட்டிருக்கிறார்கள். நான் மட்டும் எப்படிக் குறை சொல்வது?
— லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

பதில்: உங்கள் தம்பி உங்களிடம் வந்து கேட்டதே, குழுவில் வந்த "சூப்பர்"கள் அவனுக்குப் போதவில்லை என்பதால்தான். ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூர்களில் இது பெருங்குறை. மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்குக் கோலாலம்பூரில் ஒரு மேடையிலோ ஒலிப்பதிவுக் கூடத்திலோ முன்பின் தெரியாதவர் வாயிலிருந்துதான் முதல் உண்மையைக் கேட்கிறான். அங்கே அன்போடு சொல்ல ஆள் இருக்காது. ஆகவே நீங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் தேவை.

பாட்டில் எந்த இடம் என்பதைக் காட்டிப் பேசுங்கள். இந்தப் பகுதியில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் ஏறக்குறைய இதுதான். எடுத்துக்காட்டாக, "ஒலிக்கலவை சரியில்லை" என்று சொன்னால் அவன் முகம் வாடும். செய்வதற்கு அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. "மூன்றாம் பாட்டில் சரணம் தொடங்கி உறுமி சேரும் இடத்தில் உன் குரல் அடியில் போய்விடுகிறது, தம்பி, தாத்தாவைப் பற்றி வரும் வரி எனக்கு இரண்டாம் முறை கேட்டபோதுதான் காதில் விழுந்தது" என்று சொன்னால், அவன் அன்றிரவே அந்த இடத்தைப் போட்டுக் கேட்பான். உறுமியைக் குறைப்பதா, குரலை ஏற்றுவதா, அந்த வரி முடியும்வரை உறுமியை நிறுத்திவைப்பதா என்று யோசிப்பான். ஐந்தாம் பாட்டு நீளம் என்று தோன்றினால், எந்த நிமிடத்தில் உங்கள் கவனம் கலைந்தது என்று சொல்லுங்கள். நீங்கள் லாரி ஓட்டுபவர். வண்டியில் போட்டுக் கேட்டிருப்பீர்கள். எஞ்சின் இரைச்சலிலும் எந்தப் பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்டன, எது கேட்கவில்லை என்பதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்? கருத்துச் சொல்வதற்கு இசை இலக்கணம் படித்திருக்க வேண்டும் என்று தயங்கவே தயங்காதீர்கள்.

நன்றாக இருக்கும் நான்கு பாட்டுக்கும் இதே அளவு உழைப்பைக் கொடுங்கள். நம்மவர்கள் குறையைத்தான் விரிவாகச் சொல்வார்கள். நிறையை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். முதல் பாட்டு ஏன் பிடித்தது, எந்த வரியில் மெய்சிலிர்த்தது என்று சொன்னால்தான் அடுத்த தொகுப்பில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பாராட்டில் தெளிவு இல்லாவிட்டால், குறை சொல்லப்பட்டதைத் திருத்தும் வேகத்தில் நல்லதையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வான்.

இளையராஜாவோடும் ரஹ்மானோடும் ஒப்பிட வேண்டாம். பெருங்கூடங்களில் பலர் சேர்ந்து உருவாக்கிய ஒன்றையும் வீட்டு அறையில் உருவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால் இருவருக்கும் பயனில்லை. அவனுடைய முந்தைய பாட்டோடு ஒப்பிடுங்கள். எங்கே வளர்ந்திருக்கிறான் என்பது புலப்படும்.

கடைசியாக, நேரில் ஒன்று, குழுவில் வேறொன்று என்று பேசிவிடாதீர்கள். முதலில் அவனிடம் தனியாகச் சொல்லுங்கள். பிறகு அவன் சம்மதித்தால் அதையே, இன்னும் மென்மையான சொற்களில் என்றாலும் அதே பொருளில், குழுவிலும் எழுதுங்கள். குழுவில் அப்படி ஒருவர் எழுதிவிட்டால், அடுத்தவரும் "சூப்பர்" என்பதற்குப் பதிலாக இரண்டு வரி எழுதத் துணிவார்.

கேள்வி: ஐந்து நட்சத்திரத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது நல்ல வழிதானே?
— வாசகர், பீடோர்

பதில்: மதிப்பெண்ணுக்குக் கீழே காரணம் ஒரு வரியாவது இருந்தால் போடலாம். தனி மதிப்பெண்ணால் கேட்பவருக்கும் பயனில்லை, பாடியவருக்கும் பயனில்லை.

கேள்வி: வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவன். அந்தக் காலத்து வானொலியில் பொருள் நிறைந்த பாடல்களைக் கேட்டு வளர்ந்த காது. பேரன் கேட்கும் ராப் பாட்டில் சொல்லும் புரியவில்லை, சுகமும் இல்லை. இவற்றைக் கேட்டுக் கருத்துச் சொல் என்று அவன் கெஞ்சுகிறான். நான் எதற்குக் கேட்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற கிராணியார், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, பேரன் உங்கள் கருத்தைக் கேட்டு நிற்கிறான் என்பதே பெரிய காரணம். அதற்கு மேலும் சொல்லலாம். யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, மலேசியாவில் உருவாகித் தமிழ்நாட்டு இளைஞர்களிடமும் பரவிய தமிழ் ராப் இசை. அதில் புகழ்பெற்ற பாட்டுக்கு அடிப்படை, 1980ஆம் ஆண்டு 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் வந்த 'மடை திறந்து' பாட்டு. மூலப்பாட்டை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். இரண்டையும் பேரனோடு உட்கார்ந்து அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல உங்களால்தான் முடியும். 2021ஆம் ஆண்டு உலகெங்கும் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை ராப் பாடகர் அறிவு எழுதியபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வும் அதற்குள் வந்தது. தோட்டக் கணக்கு எழுதிய உங்களுக்கு அந்த வரிகள் அந்நியமாக இருக்காது.

சொல் புரியவில்லை என்பது உண்மையான குறைதான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரும்படி பேரனிடம் கேளுங்கள். முதலில் அதைக் கவிதையாகப் படியுங்கள். பிறகு பாட்டைக் கேளுங்கள். ராப்பில் இசையைவிடச் சொற்கட்டுக்கே முதலிடம். மோனை, எதுகை, இயைபு ஆகியவை தாளத்தின் மேல் எங்கே விழுகின்றன என்பதே அதன் அழகு. யாப்பறிந்த காதுக்கு இது எளிதில் பிடிபடும். படித்த பிறகும் பிடிக்காவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த வரியில் எதுகைக்காகப் பொருளைப் பலிகொடுத்திருக்கிறார்கள், எங்கே ழகரம் லகரமாகத் தேய்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். இன்று புதிய பாடல்களுக்குக் கருத்து எழுதுவோரில் பெரும்பாலோர் இளைஞர்கள். உச்சரிப்பைக் குறித்து எழுதுவோர் அவர்களில் மிகக் குறைவு. அந்த இடம் உங்களைப் போன்றவர்களுக்காகக் காலியாகவே இருக்கிறது.

கேள்வி: பிடித்த உள்ளூர் ஆல்பத்தை எம்பி3 கோப்பாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் புலனத்தில் அனுப்பிவிடுகிறேன். இது கலைஞர்களுக்குச் செய்யும் உதவி என்று நினைக்கிறேன். என் கணவர் இது தவறு என்கிறார்.
— இல்லத்தரசி, பகாவ்

பதில்: உங்கள் எண்ணம் நல்லது, அம்மா; ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் நான் நிற்பேன். கோப்பாக அனுப்பினால் கேட்டவர்களின் கணக்கு எங்கும் பதிவாவதில்லை. கலைஞருக்குக் காசும் போவதில்லை. கைமாறிக் கைமாறிப் போகும்போது கோப்பின் பெயரும் அழிந்து, பாடியவர் யார் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. கோப்புக்குப் பதிலாகத் தொகுப்பின் இணைப்பை அனுப்புங்கள்.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டைக் குறைந்தது 30 விநாடி கேட்டால்தான் அது ஒருமுறை கேட்டதாகக் கொள்ளப்படும். 2024 தொடக்கத்திலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான பங்குத்தொகை கிடைப்பதில்லை. பெரிய நட்சத்திரங்களுக்கு 1,000 என்பது ஒரு பொருட்டே அல்ல. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தாண்ட வேண்டிய வேலி. ஆனால் உங்கள் உறவினர்களில் 50 பேர் ஓராண்டில் அந்தப் பாட்டை ஆளுக்கு 20 முறை கேட்டால் அந்த வேலியைத் தாண்டிவிடலாம். தாண்டிய பின் வரும் தொகை சிறியதுதான் என்றாலும், கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பதிவாகிவிடும்.

கலைஞருக்குக் கையில் பணம் சேர வேண்டுமென்றால் நேரடியாக வாங்குவதே மேல். குறுந்தட்டோ சட்டையோ விற்கிறார்கள் என்றால் நிகழ்ச்சியிலேயே வாங்குங்கள். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் விற்கிறார்கள் என்றால், எண்ணிமத் தொகுப்பின் விலையில் தளத்துக்குப் போவது 15 விழுக்காடு. பணமாற்றுக் கட்டணம் போக மீதம் கலைஞரைச் சேரும். இணைப்பை அனுப்பும்போது வெறுமனே அனுப்பாமல், "நாலாவது பாட்டைக் கேளுங்கள், அத்தை, நம் பழைய லயத்து வீட்டு நினைவு வரும்" என்பதுபோல் ஒரு வரி எழுதியனுப்புங்கள். வெறும் இணைப்பை யாரும் திறப்பதில்லை. அத்தை என்று அழைத்து ஒரு பாட்டைக் குறிப்பிட்டுச் சொன்னால் அத்தை திறந்து கேட்பார்.

கேள்வி: மேலே சொன்ன ஆலைத் தொழிலாளரின் நண்பர்கள் நாங்கள். மாதம் ஒருமுறை கூடி ஒரு புதிய தொகுப்பைக் கேட்டுப் பேசலாம் என்று இருக்கிறோம். வயது வேறுபாடு அதிகம். பெரியவர்களும் பிள்ளைகளும் வருவார்கள். எப்படி நடத்துவது?
— நண்பர்கள் குழு, சுங்கை சிப்புட்

பதில்: மிக்க மகிழ்ச்சி. கூட்டத்துக்கு ஒரு தொகுப்பு போதும். அதுவும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிவதாக இருக்கட்டும். தேர்ந்தெடுக்கும் உரிமையை மாதத்துக்கு ஒருவராகச் சுற்றிவிடுங்கள். மூன்று கூட்டத்துக்கு ஒன்றாவது மலேசியக் கலைஞருடையதாக இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நல்ல ஒலிபெருக்கி யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே கூடுங்கள். மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே கூடினால் ஒன்றும் கேட்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஓடும்போது பேச்சு கூடாது. வந்தவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுங்கள். பாட்டின் பெயர், காதில் விழுந்த இடம், அங்கே என்ன தோன்றியது ஆகிய மூன்றை மட்டும் எழுதட்டும். எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மாணவிக்கு எழுதிய பதிலில் சொன்ன ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்: அடுத்தவரின் தேர்வு கண்ணுக்குத் தெரிந்தாலே நம் தேர்வு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

பேசும்போது வயதில் இளையவரிலிருந்து தொடங்குங்கள். பெரியவர் முதலில் பேசிவிட்டால், மரியாதை கருதிப் பிள்ளைகள் அதையே வழிமொழிந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு இது குறையாகத் தோன்றாது. கடைசியில் பேசுபவருக்குத்தான் எல்லாருடைய கருத்தையும் கேட்டுப் பேசும் வாய்ப்பு கிடைக்கிறது. கருத்து மோதினால் வாதத்தை வளர்க்காமல், சர்ச்சைக்குரிய அந்த அரை நிமிடத்தை மறுபடி போட்டுக் கேளுங்கள்.

உங்கள் முதல் கூட்டம் முடிந்ததும் அந்தத் தாள்களை அப்படியே எங்களுக்கு அனுப்பிவையுங்கள். தொகுப்பின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், ஒலிக்கலவை செய்தவர், வெளியான ஆண்டு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஒருவரோடொருவர் உடன்படாத கருத்துகள் இருந்தால் இரண்டையும் அனுப்புங்கள். இரண்டையும் அடுத்தடுத்து இதே பகுதியில் வெளியிடுகிறேன்.